சொல்லாமல் விட்ட எண்

அந்தப் பெரியவருக்கு எழுபது வயதிருக்கும். கல்யாண ஆல்பங்களை நம்பி நடந்த அவருடைய ஸ்டூடியோ, எல்லார் கையிலும் செல்போன் வந்தபின் தேய்ந்து தேய்ந்து நின்றுபோனது. மரப்பெட்டியிலிருந்து ஒரு பழைய லென்ஸை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டுக் கேட்டார்: "பாத்து சொல்லுங்க தம்பி, எப்படி இருக்கு?"

1,500 ரூபாய் என்று முன்பே சொல்லியிருந்தார்.

பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தில் பறவைகளைப் படமெடுக்க எனக்கு ஒரு டெலிஃபோட்டோ ஜூம் தேவைப்பட்டது. புது லென்ஸின் விலையைப் பார்த்தாலே வீட்டுக்கடன் தவணை ஞாபகம் வந்துவிடும். பழைய லென்ஸ்களில் ஒரு வசதி இருக்கிறது. நிக்கான் எஃப் லென்ஸுக்கும் ஃபிலிமுக்கும் நடுவே 46.5 மி.மீ. இடைவெளி வேண்டும், என் சோனி மிரர்லெஸ்ஸில் 18 மி.மீ.தான். மிச்சம் 28.5 மி.மீ.யை நிரப்ப, கண்ணாடியே இல்லாத ஒரு வெற்று வளையம் போதும். ஆட்டோஃபோகஸ் கிடையாது, பறக்கும் பறவை பெரும்பாலும் தப்பிவிடும். சேற்றில் நிற்கிற நாரைக்கு அது போதும்.

எதைப் பார்த்து வாங்குவது என்று மூன்று மாதம் இரவு விழித்துப் படித்திருந்தேன். டார்ச்சைப் பின்னாலிருந்து அடித்து முன்பக்கமாகப் பார்க்க வேண்டும். தூசி பரவாயில்லை. சிலந்தி வலை போல நூல் நூலாகத் தெரிந்தால் ஃபங்கஸ். சென்னையின் ஈரக்காற்றில், பெட்டிக்குள் கிடக்கிற கண்ணாடிக்கு வரும் வியாதி அது. முற்றினால் மேற்பூச்சையே தின்றுவிடும். அபர்ச்சர் இதழ்களில் எண்ணெய் கசிந்திருக்கக் கூடாது. லென்ஸை மேல்நோக்கிப் பிடித்தால் ஜூம் வளையம் தானாகச் சரியக் கூடாது.

பார்த்தேன். ஓரத்தில் கொஞ்சம் ஃபங்கஸ். வளையம் சரிந்தது. இரண்டையும் சொன்னேன். "அப்போ 1,200 குடுங்க" என்றார்.

நான் சொல்லாதது ஒன்று. அது விவிட்டார் சீரீஸ் 1, 70-210 மி.மீ. விவிட்டார் அமெரிக்க நிறுவனம். அதற்கெனச் சொந்தத் தொழிற்சாலை இல்லை, ஜப்பானியர்கள் செய்து கொடுத்தார்கள். யார் செய்தது என்பது வரிசை எண்ணின் முதல் இரண்டு இலக்கங்களில் இருக்கும். 22 என்றால் கினோ, 37 என்றால் டோக்கினா, 28 என்றால் கொமினே. கையில் இருந்தது 28. பலர் தேடி அலைவது அதைத்தான். வேறு யாரிடமாவது பார்த்திருந்தால் 6,000 கொடுத்திருப்பேன்.

சிசரோ 'கடமைகள் பற்றி' என்ற நூலில் ஒரு வழக்கைச் சொல்கிறார். ரோட்ஸ் தீவில் பஞ்சம். அலெக்ஸாண்டிரியாவிலிருந்து தானியத்தோடு ஒரு வணிகன் முதலில் வந்து சேர்கிறான். பின்னால் இன்னும் கப்பல்கள் வருகின்றன என்பது அவனுக்கு மட்டும் தெரியும். சொல்ல வேண்டுமா? சொல்லியாக வேண்டும் என்கிறார் ஆண்டிபேட்டர். அவருடைய ஆசிரியரான பாபிலோனிய டயோஜெனிஸோ, பேசாமல் இருப்பது வேறு, மறைப்பது வேறு என்கிறார். சிசரோ ஆண்டிபேட்டர் பக்கம். நான் அன்றைக்கு டயோஜெனிஸ் பக்கம் நின்றேன். நான் பொய் சொல்லவில்லையே. தூக்கம் கெட்டுச் சேர்த்த அறிவுக்கு ஒரு கூலி உண்டுதானே.

நாரைகள் நன்றாகவே வந்தன. ஆனால் படங்களைப் பார்க்கும்போதெல்லாம் அந்தக் கேள்வி உறுத்தியது. அவர் என்னிடம் என்ன விலைக்கு எடுப்பீர்கள் என்று கேட்கவில்லை. எப்படி இருக்கு என்று கேட்டார். அது பேரம் பேசுபவனிடம் கேட்கிற கேள்வி இல்லை, விவரம் தெரிந்தவனிடம் கேட்கிற கேள்வி. நான் தெரிந்தவனாகக் குறையைச் சொல்லிவிட்டு, வாங்குபவனாக நிறையை விழுங்கினேன். சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் உண்மை. சேர்த்துப் பார்த்தால் அது பொய்.

அடுத்த மாதம் 3,000 ரூபாயோடு போனேன். 28 கதையைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை, நெகிழவும் இல்லை. நோட்டுகளை எண்ணிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டார்:

"அன்னிக்கு ஃபங்கஸ் இருக்குன்னு சொன்னீங்களே தம்பி, அது நெஜந்தானா?"

"நெஜந்தான் சார்" என்றேன். லென்ஸைக் கையோடு எடுத்துப் போயிருந்தால் டார்ச் அடித்துக் காட்டியிருக்கலாம். எடுத்துப் போகவில்லை. தலையாட்டினார். நம்பினாரா என்று தெரியவில்லை.