சமாதானம் யாருக்கு?

2024இல் வந்த ‘பாப் மார்லி: ஒன் லவ்’ படம் பார்த்தேன். 1976 டிசம்பர் 3, கிங்ஸ்டனில் வீடு புகுந்து சுடுகிறார்கள். ரெண்டே நாள்ல குண்டுக் காயத்தோடு மேடையேறுகிறார். அழுதுட்டேன். 1978 ஏப்ரல் 22, எதிரெதிர்க் கட்சித் தலைவர்கள் மான்லி, சியாகா கைகளைச் சேர்த்துப் பிடிக்கிறார். படம் அங்கே முடியுது, எனக்கு முடியல.

அந்தச் சமாதானத்தை முதலில் பேசியது சேரிக்காரர்கள்: மாசப், மார்ஷல். சுட்டுக்கிட்டதும் செத்ததும் அவங்க ஆட்கள்தானே? அவர்கள் துப்பாக்கியைக் கீழே வைத்தால் போதுமா, கட்சிகள் பதில் சொல்ல வேண்டாமா? அதே மேடையில் பீட்டர் டோஷ் தலைவர்களை முகத்துக்கு நேரே கண்டித்தார். சில மாதத்தில் போலீசிடம் அடிபட்டார். மார்லியைக் குற்றம் சொல்ல வாய் வரல. சாவு நிற்கட்டும்னு நினைத்தவர்.

1979இல் மாசப்பைப் போலீஸ் சுட்டுக் கொன்றது. 1980இல் மார்ஷல் நியூயார்க்கில் சுடப்பட்டுச் செத்தார். மான்லி 1997இல், சியாகா 2019இல், வயசாகிப் போனார்கள்.