சொன்னவனும் சொல்லாதவனும்

தவறு செய்தவனைத் தண்டிப்பதா மன்னிப்பதா என்னும் கேள்வி புதியதன்று. ஆனால் ஒருவன் தானாகவே முன்வந்து, யாரும் கேளாதபோதே, "இன்ன இடத்தில் இன்ன பிழை நேர்ந்தது, நல்ல வேளையாக எவருக்கும் தீங்கு இல்லை" என்று சொல்வானாயின் அவனை என்ன செய்வது என்பது வேறொரு கேள்வி. முதற் கேள்விக்கு நீதிமன்றங்கள் விடை வைத்திருக்கின்றன. இரண்டாவது கேள்வியைத் தம் தொழிலின் உயிர்நாடியாகக் கொண்டு விடை தேடியவர்கள் ஆகாய விமானத் தொழிலைச் சேர்ந்தவர்கள். அவர்கள் கண்ட விடை நியாயமானதுதானா, நம் போன்றாருக்கும் அது பயன்படுமா என்பதையே ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

சிம்பாங் ரெங்கத்தில் உட்கார்ந்துகொண்டு ஆகாயத்தைப் பற்றி எழுதுவானேன் என்று சிலர் நகைக்கக்கூடும். அவர்கள் ஒரு தேசப்படத்தை விரித்து, சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்தையும் கோலாலம்பூருக்கு அடுத்த சுபாங்கையும் இணைத்து ஒரு கோடு இழுத்துப் பார்ப்பார்களாக. அக்கோடு நமது ஊரை ஒட்டியே செல்லும். விமானங்கள் அடிமட்டம் வைத்து இழுத்த கோட்டிலே பறப்பதில்லையென்பது உண்மையே. ஆயினும் அந்த இரு நகரங்களுக்கிடையே ஒரு சொல் தடுமாறியதால் நேர்ந்த கதியை அறிந்துகொள்ள நமக்கு உரிமையுண்டு.

1989-ஆம் ஆண்டு பிப்ரவரி 19-ந் தேதி காலை, 'பிளையிங் டைகர்' என்னும் கம்பெனியின் சரக்கு விமானமொன்று சிங்கப்பூரிலிருந்து சுபாங்கிற்கு வந்துகொண்டிருந்தது. போயிங் 747 வகை. உள்ளே இருந்தவர் நால்வர். தரையிலிருந்த கட்டுப்பாட்டாளர் 2400 அடிக்கு இறங்கும்படி உத்தரவிட்டார். அதை அவர் இலக்கம் இலக்கமாக, "டிசென்ட் டூ ஃபோர் ஸீரோ ஸீரோ" என்று சொன்னார். ஆங்கிலத்தில் இரண்டு என்னும் எண்ணும் 'டூ'. '-க்கு' என்னும் வேற்றுமைப் பொருள் தரும் சொல்லும் ஏறக்குறைய 'டூ'. விமானத் தலைவர் காதில் '400-க்கு இறங்கு' என்று விழுந்தது. "ஓகே, ஃபோர் ஸீரோ ஸீரோ" என்று அவர் திருப்பிச் சொன்னார். அந்தப் பதிலிலே ஒரு 'டூ' குறைகிறதென்று தரையிலிருந்தவர் கண்டுபிடிக்கவில்லை. தரை நெருங்குகிறதென்று விமானத்திலிருந்த எச்சரிக்கைக் கருவி ஒலித்தது. அதையும் யாரும் பொருட்படுத்தவில்லை. 400 அடிக்குச் சற்று மேற்பட்ட உயரத்தில் ஒரு குன்றின் சரிவிலே விமானம் மோதிற்று. நால்வரும் மாண்டனர்.

இதிலே குற்றவாளி யார்? சொன்னவரா, கேட்டவரா, திருப்பிச் சொன்னதைக் காதில் வாங்காதவரா, எச்சரிக்கையை மதியாதவர்களா? தலைக்கு இவ்வளவென்று பங்கு பிரித்துக் கொடுத்துவிடலாம். பிரித்துக் கொடுத்தபின் அந்தச் சொற்றொடர் என்ன ஆயிற்று? அது அங்கேயே இருக்கும். மறுநாள் வேறொருவர் வாயிலிருந்து வேறொருவர் காதுக்குப் போகும். ஆகவே நாம் கேட்க விரும்புவது மற்றொன்று. அந்த நாளுக்கு முன்பு எத்தனை பேர் இதே 'டூ'வில் தடுமாறி, கடைசி நிமிஷத்தில் சமாளித்து, வீட்டுக்குப் போய் வாய் திறவாமல் இருந்திருப்பார்கள்?

இக்கேள்வி வெறுங் கற்பனையன்று. அமெரிக்காவில் 1974-ஆம் ஆண்டு டிசம்பர் 1-ந் தேதி டி. டபிள்யு. ஏ. கம்பெனியின் விமானமொன்று வாஷிங்டனுக்கு அருகே வர்ஜீனியா மாகாணத்து மலையொன்றில் மோதி, அதிலிருந்த 92 பேரும் இறந்தார்கள். "நெருங்க அனுமதி" என்று கட்டுப்பாட்டாளர் சொன்னதை, இனித் தாழ்வாக இறங்கலாம் என்று விமானிகள் பொருள்கொண்டார்கள். கட்டுப்பாட்டாளரோ மலையைத் தாண்டும்வரை உயரத்தைக் காப்பது அவர்கள் பொறுப்பு என்று எண்ணியிருந்தார். விசாரணையில் வெளிவந்த செய்தி நெஞ்சைச் சுடுவதாயிருந்தது. ஆறு வாரங்களுக்கு முன்பே யுனைட்டெட் கம்பெனியின் விமானமொன்று அதே சொல்லால் ஏமாந்து, அதே மலைக்கு இறங்கி, மயிரிழையில் தப்பியிருந்தது. அவ்விமானிகள் அதைத் தங்கள் கம்பெனியிடம் சொன்னார்கள். கம்பெனியும் தன் விமானிகளை எச்சரித்தது. பக்கத்துக் கம்பெனிக்காரருக்குச் சேதி போகவில்லை. அண்டை வீட்டுக் கிணற்றிலே பாம்பு கிடப்பதை அறிந்தும் தன் பிள்ளைகளை மட்டும் தடுத்து நிறுத்தியது போலாயிற்று.

அதன்பின் 1975-இல் அமெரிக்க சர்க்காரின் விமானப் போக்குவரத்து இலாகா, பிழைகளைத் தாமாக எழுதியனுப்புவோருக்குத் தண்டனையில்லை என்று அறிவித்தது. ஆனால் விமானிகள் நம்பவில்லை. லைசென்ஸைப் பிடுங்கும் அதிகாரமுள்ள கையிலேயே தன் பிழையை எழுதிக் கொடுக்க எவன் துணிவான்? எனவே 1976-இல் தண்டிக்கும் அதிகாரம் சிறிதுமில்லாத நாஸா ஆராய்ச்சி நிலையத்திடம் அவ்வேலை ஒப்படைக்கப்பட்டது. சம்பவம் நடந்த பத்து நாட்களுக்குள் எழுதவேண்டும். பெயரும் விலாசமும் உள்ள துண்டைக் கத்தரித்து, எழுதியவருக்கே திருப்பியனுப்பி விடுவார்கள். மீதிச் செய்தி மட்டும் அவர்களிடம் தங்கும். வேண்டுமென்று செய்த குற்றத்துக்கும், உண்மையாகவே நிகழ்ந்த விபத்துக்கும் இச்சலுகை கிடையாது. இதுவரை 20 லட்சத்துக்கு மேற்பட்ட அறிக்கைகள் வந்து சேர்ந்திருக்கின்றன.

இது மன்னிப்பை விலைபேசும் வியாபாரமல்லவா என்று கேட்கலாம். ஆம், வியாபாரந்தான், அதை நாம் மறைக்க விரும்பவில்லை. தண்டிக்கும் உரிமையில் ஒரு பகுதியைச் சமூகம் விட்டுக்கொடுத்து, அதற்கு ஈடாக அறிவைப் பெறுகிறது. நமது அபிப்பிராயத்தில் இது இலாபமான பேரம். ஏனெனில் தண்டனை, பிடிபட்டவனை மாத்திரமே சேரும். தப்பியவனையோ அது வாய்மூடக் கற்பிக்கும். அந்த மௌனத்துக்கு விலை கொடுப்பவர்கள் அவனல்லன். அடுத்த விமானத்தில் ஏறப்போகும் முன்பின் அறியாத பிரயாணிகள்.

எதிர்ப்பக்கத்தின் நியாயத்தையும் மறைக்கலாகாது. 2001-ஆம் ஆண்டு ஜனவரி 31-ந் தேதி ஜப்பானிய வானத்தில், பயிற்சியிலிருந்த ஒரு கட்டுப்பாட்டாளர் 958 என்னும் எண்ணுள்ள விமானத்துக்குச் சொல்லவேண்டிய உத்தரவை 907-க்குச் சொல்லிவிட்டார். இரண்டிலுமாக இருந்த 677 பேரும் உயிர் பிழைத்தனர். மோதலைத் தவிர்க்க ஒரு விமானம் திடீரெனத் தலைகுப்புறத் தாழ்ந்ததில் ஏறக்குறைய நூறு பேர் காயமுற்றனர். பயிற்சியிலிருந்தவரும் அவரை மேற்பார்த்தவரும் குற்றவாளிகளே என்று 2010-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. காயமுற்றவர்களின் குடும்பத்தாருக்கு இது ஆறுதலாயிருந்திருக்கலாம். அந்த ஆறுதலை நாம் இகழோம். ஆனால் 2001-ஆம் ஆண்டில் டென்மார்க்கு நாட்டார் வேறு வழியிற் சென்றார்கள். பிழையைக் கட்டாயம் தெரிவிக்கவேண்டும், தெரிவித்தவரைத் தண்டிக்கலாகாது, பெயரை வெளியிடலாகாது என்று சட்டமியற்றினர். கட்டுப்பாட்டாளரிடமிருந்து வரும் அறிக்கைகள் பன்மடங்காகப் பெருகின. பிழைகள் பெருகினவா? இல்லை, முன்பு மறைந்திருந்தவை வெளிச்சத்துக்கு வந்தன.

குடித்துவிட்டு வேலைக்கு வந்தவனையும், தெரிந்தே விதியை மீறியவனையும் நாம் காக்கச் சொல்லவில்லை. கவனக்குறைவுக்கும் கயமைக்கும் நடுவே ஒரு கோடு உண்டு. அதை எங்கே இழுப்பது என்பதைக் காட்டிலும் யார் இழுப்பது என்பதே கஷ்டமான கேள்வி என்று நமக்குத் தோன்றுகிறது. மேலதிகாரி இழுத்தால் அது எப்போதும் அவருடைய காலுக்குச் சற்று அப்பால்தான் விழும்.

இனி நம் இடத்துக்கு வருவோம். விமானத்தில் உத்தரவு கிடைத்தவர் 'சரி' என்று மட்டும் சொன்னாற் போதாது. உத்தரவையே திருப்பிச் சொல்லவேண்டும். உத்தரவிட்டவர் அதைக் காதுகொடுத்துக் கேட்கவேண்டும். பிழையிருந்தால் உடனே திருத்தவேண்டும். பின்னது முன்னதைவிடப் பெரிய கடமை. சுபாங்கில் தவறிப்போனதும் அதுதான். தோட்டத்திலே நாம் கண்டது வேறு. காலைப் பெரட்டில் மண்டோர் ஒன்றைச் சொல்கிறார்; எதிரே நிற்பவர் "சரிங்க" என்கிறார். அந்தச் 'சரிங்க'வில் எத்தனை தலைமுறைப் பணிவு இருக்கிறது! விளங்கிற்றா என்பதற்கு அது பதிலன்று; எதிர்க்கவில்லை என்பதற்கே பதில். இப்போது செம்பனைத் தோட்டங்களில் இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும் வேலை செய்கிறார்கள். அரைகுறை மலாயில் உத்தரவு போகிறது. அரைகுறை மலாயிலேயே தலையசைப்பு வருகிறது.

1996-ஆம் ஆண்டு நவம்பர் 12-ந் தேதி டில்லிக்கு மேற்கே சார்க்கி தாத்ரி என்னுமிடத்தில் சவூதி விமானமும் கஸாக்ஸ்தான் விமானமும் வானத்தில் மோதி 349 பேர் மாண்டார்களே, அங்கும் கட்டுப்பாட்டாளரின் ஆங்கிலம் கஸாக் விமானிகளுக்கு நேராகப் போய்ச் சேரவில்லை. ரேடியோக்காரர் ஒருவர் இடையே நின்றார். 15,000 அடியில் நிற்கவேண்டிய விமானம், எதிரே 14,000 அடியில் வந்துகொண்டிருந்ததன் பாதைக்கே இறங்கிவிட்டது.

செம்பனை வெட்டும் ஒருவருடைய நீண்ட அலுமினியக் கோல் மின்கம்பிக்கு ஒரு சாண் தூரத்தில் போய் மீண்டதென்று வைத்துக்கொள்வோம். அவர் அதைச் சொல்வாரா? சொன்னால், "கம்பியடியில் யார் வெட்டச் சொன்னது?" என்பதே முதற்கேள்வியாயிருக்கும், இரண்டாவது, அன்றைய கூலியைப் பற்றியது. ஆகவே சொல்லமாட்டார். 2004-ஆம் ஆண்டின் விதிகளின்படி மரணத்தையும், நான்கு நாட்களுக்கு மேல் வேலைக்கு வரவொட்டாத காயத்தையும், பட்டியலிட்ட சில அபாயங்களையும் முதலாளி சர்க்காருக்கு அறிவிக்கவேண்டும். அந்தத் தாள்களை நிரப்புவது கிராணிமார் வேலை. ஒரு சாண் இடைவெளிக்கு அவற்றில் இடமில்லை. பிறகு வேறொருவர் அந்த மரத்தடிக்குப் போய் மாண்டால் "அவன் தலைவிதி" என்பார்கள். விதியாம்! முந்தின வாரமே ஒருவருக்குத் தெரிந்திருந்த விதி!

ஆபீசு வாசலில் ஒரு பெட்டி வைத்தாற் போதுமென்று சிலர் யோசனை சொல்கிறார்கள். வைக்கட்டும். எழுதத் தெரியாதவர் வாயால் சொல்லவும், தம் மொழியிலே சொல்லவும் ஏற்பாடு இருக்கட்டும். ஆனால் அமெரிக்க விமானிகள் 1975-இல் கேட்ட கேள்வியை நம் தொழிலாளரும் கேட்பார்கள்: சாவி யாரிடம்? அது மானேஜரிடம் இருக்கலாகாது, மண்டோரிடம் இருக்கலாகாது, பேர் போடுவதும் கூலியை வெட்டுவதும் செக்ரோலில் நடக்கிறபடியால், அதை எழுதும் நம் போன்ற கிராணிமாரிடமும் இருக்கலாகாது. தொழிற்சங்கத்தாரோ, அந்தத் தோட்டத்தில் சம்பளம் வாங்காத வேறொருவரோ வாரம் ஒருமுறை வந்து திறந்து, பெயர் எழுதிய துண்டைக் கத்தரித்து உரியவரிடமே கொடுத்துவிட்டு, மிச்சத்தை மறுநாட் பெரட்டில் எல்லோருக்கும் கேட்கும்படி அவரவர் மொழியில் படித்துக் காட்டட்டும்.