இலக்கியம் கற்றோரும் தீமூட்டியோரும்

இலக்கியக் கல்வி மனிதனைப் பண்படுத்தும் என்று நாம் மாணவருக்குச் சொல்லி வருகிறோம். பாடத்திட்டத்தில் இலக்கியத்துக்கு இடம் கேட்கும்போதெல்லாம் நாம் முன்வைக்கும் வாதமும் அதுவே. இந்நம்பிக்கை எவ்வளவு தூரம் உண்மையானது? ஜேர்மன் பல்கலைக்கழகங்களில் ஜேர்மன் மொழியும் இலக்கியமும் கற்பிக்கப்பட்ட வரலாறு இவ்வினாவை ஆராய்தற்கு ஏற்றதொரு களமாகும்.

அத்துறைக்கு அடித்தளமிட்டோருள் யாக்கோப் கிறிம், வில்ஹெல்ம் கிறிம் என்னும் சகோதரர் தலையாயவர்கள். நாடோடிக் கதைகளைத் தொகுத்தவர்களென்றே நம்மிற் பலர் அவர்களை அறிவர். 1837 இல் ஹனோவர் மன்னன் நாட்டின் அரசியலமைப்பைச் செல்லாதென அறிவித்தபோது, கோட்டிங்கன் பல்கலைக்கழகப் பேராசிரியர் எழுவர், அவ்வமைப்பின் பேரில் தாம் செய்த சத்தியத்தை மீறமாட்டோமென எழுத்துமூலம் தெரிவித்தனர். கிறிம் சகோதரரும் அவ்வெழுவருள் அடங்குவர். எழுவரும் பதவி இழந்தனர். யாக்கோப் உட்பட மூவர் நாட்டைவிட்டே வெளியேற்றப்பட்டனர்.

ஏறத்தாழ நூறாண்டுகள் கழிந்தன. 1933 மே 10 ஆம் திகதி இரவு, பேர்லினிலும் வேறு பல பல்கலைக்கழக நகரங்களிலும் மாணவர்கள் நூல்களைக் குவித்து எரித்தனர். மார்க்ஸ், புரொய்ட், ஹைன்றிச் மான் முதலியோரின் நூல்கள் தீக்கிரையாயின. பேர்லினில் அத்தீயின் முன் பேசிய கோயபல்ஸ், ஜேர்மன் இலக்கியத்தை ஆராய்ந்து ஹைடல்பேர்க்கிற் கலாநிதிப் பட்டம் பெற்றவர். போன் நகரிற் பேசிய ஹான்ஸ் நௌமன், ஜேர்மன் இலக்கியப் பேராசிரியர். கேதேயும் ஷில்லரும் வாழ்ந்த வைமர் நகருக்கு அருகிலேயே 1937 இல் புகன்வால்ட் வதைமுகாம் எழுந்தது.

கற்ற மொழி ஒன்று. போற்றிய இலக்கியமும் ஒன்று. அவ்வாறாயின் வேறுபாடு எங்கிருந்து வந்தது? கிறிம் சகோதரரும் ஜேர்மன் பழமையைப் போற்றியவர்களே. எனினும், தம் காலத்து அதிகாரம் சட்டத்தை மிதித்தபோது தாம் என்ன செய்யவேண்டும் என்ற கேள்விக்கு அவர்கள் விடை கூறினர். அதன் விலையையும் கொடுத்தனர். பின்வந்தோரிற் பலர் அக்கேள்வியைக் கைவிட்டு, பழமையை மட்டும் பற்றிக்கொண்டனர். பேசுவோர் அனைவருக்கும் பொதுவான மொழியை ஓர் இனத்தின் தனிச்சொத்தென்றனர். சொத்து யாருக்குரியது என்று வகுத்தபோதே, யாரை விலக்குவது என்பதும் முடிவாகிவிட்டது.

போருக்குப் பின்னரோ நீண்ட மௌனம். இத்துறை நாசிசத்துக்குத் துணைநின்றமை, 1966 இல் மியூனிச்சிற் கூடிய ஜேர்மன் இலக்கிய அறிஞர் மாநாட்டிலேதான் பகிரங்கமாக விவாதிக்கப்பட்டது. ஆகன் நகரின் உயர்கல்வி நிறுவனத்துக்குத் தலைவராகவும் விளங்கிய இலக்கியப் பேராசிரியர் ஹான்ஸ் ஷ்வெர்ட்டே, பெயரை மாற்றிக்கொண்டு வாழ்ந்த முன்னாள் எஸ். எஸ். அதிகாரி என்பது 1995 இலேயே வெளிப்பட்டது. பல்லாண்டுகள் அவர் இலக்கியம் கற்பித்தார், மாணவரும் கேட்டனர்.

இதனாற் கேதேயைப் படிக்கவேண்டாம் என்பது நம் முடிபன்று. ஜேர்மன் கற்கும் மாணவன் கேதேயையும் படிக்கட்டும். வைமருக்கு அருகே நின்ற முள்வேலியையும் படிக்கட்டும். ஒன்றை மறைத்து மற்றதைக் கற்பிப்பது அரைக்கல்வி. அரைக்கல்வியின் பயனை 1933 காட்டிற்று.

தமிழ் கற்பிக்கும் எனக்கும் இவ்வினா உரியதே. மொழியின் பெருமையை வகுப்பறையில் எடுத்துரைக்கும் ஒவ்வோர் ஆசிரியனும், அப்பெருமை எவரை வாசலுக்கு வெளியே நிறுத்துகிறது என்ற கேள்வியையும் மாணவர்முன் வைக்கக் கடமைப்பட்டவன்.