கைக்குழந்தையின் மூக்கில் எண்ணெய்: நிய்யத் மட்டும் போதுமா?



பச்சிளம் குழந்தையைக் குளிப்பாட்டும்போது மூக்கில் இரண்டு சொட்டு எண்ணெய் விடும் வழக்கம் நம்மில் பல வீடுகளில் இருக்கிறது. தேங்காய் எண்ணெய், விளக்கெண்ணெய் என்றிருந்தது போக, சுன்னத்தான மருந்து என்ற பெயரில் இப்போது கருஞ்சீரக எண்ணெயும் சேர்ந்துகொண்டது. சளி போகட்டும் என்ற நல்ல நிய்யத்தில்தான் விடுகிறார்கள். நிய்யத் சரியாக இருந்தால் பொறுப்பு நீங்கிவிடுமா?

தண்ணீர் புரையேறினால் குழந்தை இருமித் தள்ளிவிடும். எண்ணெய் அப்படியல்ல. இருமலைத் தூண்டாமலே மூச்சுக்குழாய்க்குள் வழுக்கி இறங்கிவிடும். நுரையீரலால் அதை எளிதில் கரைத்து வெளியேற்ற முடியாது. உள்ளேயே தங்கி அழற்சியை உண்டாக்கி, நாளடைவில் தழும்பாக இறுகிவிடும். தென்னிந்தியக் குழந்தைகளிடம் கண்ட இந்த நோயைப் பற்றி 1973-லேயே பிரிட்டிஷ் மருத்துவ இதழில் கட்டுரை வந்தது. சவூதியின் அஸீர் பகுதியில் சிசுக்களுக்கு நெய் புகட்டியதால் இதே நோய் வந்ததை அங்குள்ள மருத்துவர்களும் பதிவு செய்திருக்கிறார்கள்.

"புகாரியில் இருக்கிறதே ஹஜ்ரத்!" என்று சிலர் கேட்பார்கள். இருக்கிறது. பயணத்தில் நோயுற்ற காலிப் பின் அப்ஜர் அவர்களை நலம் விசாரிக்க வந்த இப்னு அபீ அத்தீக் அவர்கள், ஐந்தோ ஏழோ கருஞ்சீரக மணிகளை அரைத்து எண்ணெயில் கலந்து இரு நாசியிலும் சொட்டு விடச் சொன்னார்கள். பிறகு, மரணத்தைத் தவிர எல்லா நோய்க்கும் அதில் நிவாரணம் உண்டு என்ற நபிமொழியை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் வழியாக எடுத்துச் சொன்னார்கள். கவனியுங்கள். நிவாரணம் உண்டு என்பது நபி (ஸல்) அவர்களின் சொல். மூக்கில் விடும் முறை இப்னு அபீ அத்தீக் சொன்னது. அதுவும் நோயுற்ற, வளர்ந்த மனிதருக்கு. நாற்பது நாள்கூட ஆகாத, நோயே இல்லாத சிசுவுக்குத் தினமும் விட இதில் ஆதாரம் எங்கே?

மருத்துவம் அறியாமல் மருத்துவம் செய்பவர் அதன் பாதிப்புக்குப் பொறுப்பாளி என்ற கருத்தில் அபூதாவூதில் ஹதீஸ் வருகிறது. நல்ல நிய்யத் பாவத்திலிருந்து காப்பாற்றலாம், ளமானிலிருந்து காப்பாற்றாது. தவறுதலாக நடந்த கொலைக்கும் தியத் உண்டல்லவா? விஷயம் தெரிந்த பிறகும் விடுபவருக்கு, அறியாமல் செய்தேன் என்ற அந்தச் சலுகையும் கிடையாது.

இதற்காக வீட்டுப் பெரியவர்களிடம் சண்டை போடாதீர்கள். அவர்களுக்கு அன்று யாரும் சொல்லவில்லை. ஏற்கெனவே எண்ணெய் விட்டிருந்து, குழந்தைக்கு இருமலோ மூச்சிரைப்போ இருந்தால் மருத்துவரிடம் அதைச் சொல்லிவிடுங்கள். எக்ஸ்ரேயில் இது சாதாரண நிமோனியா போலவே தெரியலாம். ஆன்டிபயாடிக் கொடுத்தும் அடங்காது. மாமியாருக்குப் பயந்து இதை மறைக்கும் தாய்மார்களும் இருக்கிறார்கள்.