முதலில் ஒட்டுப்பால்

கிள்ளானில் கொமுட்டர் ரயில் ஏறிக் கேஎல் சென்ட்ரலில் இறங்கும் நம்மில் பலருடைய தாத்தா பாட்டி, ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர்கள். விடியுமுன் பெரட்டு என்னும் ஆள்கணக்கெடுப்புக்குப் போய், நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மர நிரையில் இறங்கியவர்கள். கதை எழுதவோ படம் வரையவோ வீணை பழகவோ ஆசைப்படும் பேரப்பிள்ளைகளுக்கு அவர்கள் கைத்தொழிலில் ஒரு பாடம் இருக்கிறது.

மரத்தடிக்கு வந்ததும் அவர்கள் உடனே கத்தியை வைப்பதில்லை. முந்தைய வெட்டில் காய்ந்து கிடக்கும் ஒட்டுப்பாலை முதலில் உரித்தெடுப்பார்கள். பிறகு அதே கோட்டை ஒட்டி மெல்லிய சீவல் ஒன்று. ஆழமாக இறங்கினால் மரம் காயப்பட்டு முண்டு தட்டிப்போகும். மேலாகத் தொட்டால், பால் பிடிக்கும் கிண்ணமான மங்கில் பால் இறங்காது. அளவாகச் சீவிய இடத்தில் புதுப்பட்டை வளரும். மரமும் இருபது இருபத்தைந்து ஆண்டு பால் தரும்.

நாமோ, "லீவு கிடைக்கட்டும், ஒரே மூச்சில் எழுதிவிடலாம்" என்கிறோம். தீபாவளி லீவு வருகிறது, போகிறது. நோட்டு வெள்ளையாகவே இருக்கிறது. ஒரே நாளில் பட்டை முழுவதையும் சீவப் பார்க்கும் ஆசை இது.

தினமும் உட்கார்ந்தால் மட்டும் போதுமா? போதாது. செய்ததையே செய்தால் கை பழகும். கூடவே தவறும் பழகிவிடும். நேற்றைய ஒட்டுப்பாலை உரித்தால்தான் இன்றைய பால் தடையின்றி இறங்கும்.

1950-51இல் தமிழ் நேசன் நாளிதழில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் 'கதை வகுப்பு' நடத்தினார்கள். பாடம் பத்திரிகையில் வரும்; வாசகர்கள் பயிற்சி எழுதி அனுப்புவார்கள்; எழுத்து மதிப்பிடப்படும். எழுதுவது, குறையை அறிவது, மறுபடி எழுதுவது. மலேசியத் தமிழ்ச் சிறுகதையின் வரலாற்றில் அந்த வகுப்புக்குத் தனி இடம் உண்டு.

நமக்கு வகுப்பு இல்லாவிட்டாலும் கொமுட்டர் இருக்கிறது. நாளைக் காலை ஷா ஆலம் வருவதற்குள், நேற்று எழுதியதைப் படித்து ஒரு குறையைத் திருத்துங்கள். கேஎல் சென்ட்ரல் வருவதற்குள் புதிதாக நாலு வரி எழுதுங்கள்.

ஒரு நாள் மங்குக்கு அது போதும்.