கலப்பது வேறு, காய்ச்சுவது வேறு

ஆசிட் ஸ்லரி, நுரைக்கும் திரவம், வாசனை, கலர் எல்லாம் ஒரே பையில் கிடைக்கின்றன. வாளியில் ஊற்றிக் கலக்கினால் பாத்திரம் கழுவும் திரவம் தயார். ஆனால் அது டிடர்ஜென்ட், சோப்பு அல்ல. குற்றமொன்றும் இல்லை, அதில் நம் வேலை கரண்டி பிடிப்பதோடு சரி.

எண்ணெயும் காரமும் வினைபுரிந்தால்தான் சோப்பு. காஸ்டிக் சோடா கட்டி சோப்பைத் தரும். திரவ சோப்புக்குக் காஸ்டிக் பொட்டாஷ் வேண்டும். முதன்முறை முயல்கிறவர் பலர் குளியல் சோப்பைத் துருவி வெந்நீரில் கரைக்கிறார்கள். சூட்டில் நன்றாகத்தான் இருக்கும். ஆறியதும் வெண்டைக்காய்ப் பசைபோல இழுக்கும். கைப்பக்குவக் குறை அல்ல, சோடியம் சோப்பின் குணமே அப்படி.

நிஜமாகவே காய்ச்ச நினைத்தால் தராசு அவசியம். 100 கிராம் தேங்காய் எண்ணெய் முழுதும் சோப்பாக, சுத்தமான பொட்டாஷ் ஏறக்குறைய 26 கிராம் பிடிக்கும். சமையலில் கைகொடுக்கும் கண்ணளவு இங்கே ஆபத்து: காரம் மிஞ்சினால் தோல் வெந்துவிடும். தண்ணீரில்தான் காரத்தைச் சிறிது சிறிதாகப் போட வேண்டும்; காரத்தின் மேல் தண்ணீர் ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். அலுமினியப் பாத்திரம் அரித்துப்போகும், எவர்சில்வர் நல்லது. குழந்தைகள் அந்தப் பக்கமே வரக்கூடாது.

கார நீரை எண்ணெயில் சேர்த்துக் காய்ச்சிப் பசை திரண்டதும் ஒரு துளியை வெந்நீரில் கரைத்துப் பாருங்கள். தேங்காய் எண்ணெய் சோப்பில் பால்போலக் கலங்கினால் பெரும்பாலும் எண்ணெய் மிச்சமிருக்கிறது, இன்னும் காய்ச்சலாம்.