வண்டி நின்ற இடமும் பிழை இருந்த இடமும்

வீட்டு மண்டபத்தில் ஓடும் புகைவண்டி என்றதும், சாவி முறுக்கி விடும் சிறுவர் பொருள் உங்கள் நினைவுக்கு வரலாம். நான் சொல்வது அதுவல்ல. ஜேர்மனியின் நூரம்பேர்க் நகரிலிருந்த லேமன் நிறுவனம் 1968ஆம் ஆண்டில் வெளியிட்ட பெரிய மாதிரிப் புகைவண்டியைச் சொல்கிறேன். தண்டவாளத்தின் இடை அகலம் 45 மில்லிமீற்றர். வளர்ந்த மனிதர்களே முழங்காலில் நின்று இதற்குப் பாதை போடுகிறார்கள்.

இதில் மின்சாரம் தண்டவாளத்தின் வழியாகவே எஞ்சினுக்குப் போகின்றது. நேர்த்துண்டு ஒன்றின் நீளம் 30 சென்ரிமீற்றர். ஆகவே 10 மீற்றர் பாதையில் முப்பதுக்குக் குறையாத மூட்டுகள் வரும். ஒவ்வொரு மூட்டையும் ஒரு சிறு உலோகத் தகடு பிடித்திருக்கிறது. தகடு தளர்ந்தாலோ, பித்தளையில் களிம்பு படிந்தாலோ, அவ்விடத்தில் மின்வலு சிறிது குறையும். ஒரு மூட்டில் பத்தில் ஒரு வோல்ற்று குறைகிறதென்று வைத்துக்கொள்வோம். அது ஒரு பொருட்டே அல்ல. முப்பது மூட்டில் அது மூன்று வோல்ற்று! தூரத்து ஏற்றத்தில் வண்டி முக்கி முனகி நின்றுவிடுகிறது.

பிழை யாருடையது?

உடனே எஞ்சினைத்தான் தூக்கிப் பார்க்கிறோம். நின்றது அதுதானே! மூட்டுகளை விசாரித்தாலோ, ஒவ்வொன்றும் "நான் குறைத்தது மிகச் சொற்பம்" என்று சொல்லும். அது பொய்யுமல்ல. இங்கேதான் சிக்கல் இருக்கின்றது.

பாடசாலையை இடைநடுவில் விட்ட மகனை, பூசைக்கு வர மறுக்கும் மகளை நினைத்துப் பாருங்கள். தகப்பன் ஒரு வாக்கைக் காப்பாற்றவில்லை; சிறிய விடயம். ஆசிரியர் வகுப்பில் ஒருமுறை கேலி செய்தார், சிறிய விடயம். மறைக்கல்வியில் கேட்ட கேள்விக்கு "வாயை மூடு" என்பதே பதிலாயிற்று. கோயில் வாசலில் நாம் அவளுடைய உடுப்பைப் பார்த்தோம், முகத்தைப் பார்க்கவில்லை. தனித்தனியே எவரும் குற்றவாளி அல்லர். பிறவிக் குருடனைக் கண்ட சீடர்கள், பாவம் செய்தவன் இவனா, இவன் பெற்றோரா என்று ஆண்டவரிடம் கேட்டார்கள். இரண்டுமில்லை என்றார் அவர். நாமோ இன்றுவரை அந்தக் கேள்வியை விடவில்லை.

அப்படியானால் நின்றவனுக்குப் பொறுப்பே இல்லையா என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. எஞ்சினுக்கு மனச்சாட்சி கிடையாது, மனிதனுக்கு உண்டு; தன் பங்குக்கு அவன் கணக்குக் கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் வண்டிக்காரர்களிடம் ஒரு சோதனை உண்டு. எஞ்சினைக் கழற்றுமுன் அதை மின்சாரம் புகும் இடத்துக்கு அருகில் வைத்து ஓட்டிப் பார்ப்பார்கள். அங்கே நன்றாக ஓடினால் எஞ்சினில் பழுதில்லை. நாம் தீர்ப்புச் சொல்லுமுன் எத்தனை பேரை அருகில் அழைத்து வைத்துப் பார்த்திருக்கிறோம்?

திருத்துவதிலும் நிதானம் வேண்டும். மூட்டைத் திருகாணியிட்ட பிடியால் இறுக்கலாம். அல்லது மூட்டின் இரு புறமும் ஒரு கம்பியைப் பற்றாசு வைத்து இணைக்கலாம். தடித்த பித்தளை வெப்பத்தை உறிஞ்சிக்கொள்ளும். பற்றாசு பிடிக்கவில்லையென்று நெடுநேரம் சூடுகாட்டினால், கீழேயுள்ள பிளாஸ்ரிக் சிலிப்பர்கள் உருகிவிடும். பிள்ளைகளைத் திருத்தப் புறப்பட்ட சில தகப்பன்மாரை நான் அறிவேன்.

இன்னொன்று. வீட்டுக்குள் போட்ட பாதைக்கு மழையுமில்லை, வெயிலுமில்லை. ஆகவே மூட்டுகளைப் பார்க்கத் தேவையில்லை என்று பலர் இருந்துவிடுகிறார்கள். ஆனால் தூசியும் கம்பள நூலும் வீட்டுக்குள்ளும் உண்டு. மாலைச் செபம் தவறாத வீடுகளிலும் அப்படித்தான்.

பிழையைத் தேடுகிறவர் வோல்ற்றுமானியை எடுத்துக்கொண்டு வண்டி நின்ற இடத்துக்கு ஓடுவதில்லை. மின்சாரம் புகும் இடத்தில், முதலாவது மூட்டிலிருந்து தொடங்குகிறார். முப்பதையும் பார்த்து முடிக்க ஒரு பின்னேரம் போய்விடும்.